செங்கல்லுக்கு இங்கே ‘அப்பா’ என்று பேர்

நவம்பர் 6, 2016, ஞாயிறு. காத்மாண்டு

சாயங்காலம் தரஹராவைப் பார்க்கப் போனேன். ஒன்பது மாடிக் கோபுரமாக இருந்தது, இப்போது வெட்டிய பனையின் அடித்தூர் மாதிரி நிற்கிறது. 1934 நிலநடுக்கத்தில் விழுந்து, திரும்பக் கட்டி, 2015 ஏப்ரல் 25 அன்று மறுபடி விழுந்தது. அன்று சனிக்கிழமை, இங்கே வார விடுமுறை. காலை 11.56க்குப் பள்ளிக்கூடங்கள் காலியாக இருந்தன. அப்படியும் கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள்.

காஷ்டமண்டபம் இருந்த இடத்தில் மண்டபம் இல்லை. இந்த ஊருக்குப் பேர் கொடுத்ததே அதுதான். விழுந்தபோது உள்ளே ரத்ததான முகாம் நடந்துகொண்டிருந்ததாம். அதற்குமேல் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

நவம்பர் 7, திங்கள். பக்தபூர்

இடிபாடு பார்க்கப் போகிறோம் என்று நினைத்து வந்தேன். பார்த்தது அறுவடை. தெரு, கோயில் முற்றம், வீடு இடிந்து காலியான மனை, எங்கே வெயில் விழுகிறதோ அங்கே நெல் காய்கிறது. வாகனம் வந்தால் ஒரு பாட்டி காலாலேயே நெல்லை ஒதுக்கி வழிவிடுகிறாள், போனதும் பழையபடி பரப்புகிறாள். வத்சலா துர்கா கோயில் தரைமட்டம். பக்கத்தில் மணி மட்டும் தப்பித்திருக்கிறது. அதை அடித்தால் நாய்கள் ஊளையிடும் என்பதால் அதற்குக் குரைக்கும் மணி என்று பேர்.

1702இல் கட்டிய ஐந்தடுக்கு ந்யாதபோலா கோயிலுக்குப் பெரிய சேதம் இல்லை. படிக்கட்டில் கல்லில் செய்த மல்லர்கள், யானை, சிங்கம் எல்லாரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள்.

நவம்பர் 8, செவ்வாய்

இன்று அரை நாள் ஒரு செங்கல் குவியலின் பக்கத்திலேயே போய்விட்டது. இரண்டு பெண்கள் உட்கார்ந்து பழைய செங்கற்களில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, முழுசு ஒரு பக்கம், உடைந்தது ஒரு பக்கம் என்று அடுக்குகிறார்கள். இவர்கள் பேசும் நேவாரி மொழியில் செங்கல்லுக்கு ‘அப்பா’ என்று பேர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவர்களுக்குக் காரணம் புரியவில்லை. ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். ‘தாச்சி அப்பா’. வெளிமுகம் வழவழவென்று அகலமாக, உள்ளே போகப் போகக் குறுகி ஆப்பு மாதிரி இருக்கிறது. அடுக்கினால் வெளியே இடுக்கே தெரியாது, சாந்து முழுக்க உள்ளே ஒளிந்துகொள்ளும். அழகுதான். ஆனால் பழைய வீடுகளில் அந்தச் சாந்து வெறும் மண்.

நான் தங்கியிருக்கும் வீட்டு அம்மாவை எல்லாரும் தீதி, அதாவது அக்கா, என்கிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். நாலு மாடி வீடு. மேலே இரண்டைப் பிரித்து இறக்கிவிட்டுத் தகரம் போட்டிருக்கிறார்கள். ஏன் இன்னும் கட்டவில்லை என்று கேட்டுவிட்டேன். இங்கே அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் வீட்டை மேலிருந்து கீழாக, கேக் வெட்டுவதுபோல வெட்டிக்கொள்வார்கள். நடுச்சுவர் இருவருக்கும் பொது. தீதியின் பத்திரம் இன்னும் மாமனார் பேரில், ஒரு கொழுந்தனார் கத்தாரில். அவர் கையெழுத்து வந்தால்தான் அரசு உதவியின் முதல் தவணை 50,000 ரூபாய். “பூகம்பம் ஒரு நிமிஷம் தம்பி, காகிதம்தான் ஒன்றரை வருஷம்” என்றார் இந்தியில்.

ராத்திரி எட்டரைக்கு அவர் வீட்டு டிவியில் நம் ஊர்ச் செய்தி. ஐநூறும் ஆயிரமும் செல்லாதாம். என் பர்ஸில் பதினாலு ஐநூறு.

நவம்பர் 9, புதன்

காசு மாற்றும் கடை நோட்டைத் தொடக்கூட இல்லை. டீக்கடையிலும் தலையாட்டிவிட்டார்கள். ஏடிஎம் அட்டை ஒன்று வேலை செய்தது, பிழைத்தேன். தீதிக்கு ஒரே சிரிப்பு: “உங்கள் ஊரிலும் ஆடிவிட்டதா?” அப்புறம், வாடகையை ஊருக்குப் போய் அனுப்பினாலும் போதும் என்றார். சம்மதிக்காமல் எண்ணிக் கொடுத்தேன். ஒரு மண்சட்டி ஜூஜூ தௌ, இந்த ஊர்க் கெட்டித் தயிர், கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

கிளம்பும்போது தகரக் கூரைமேல் நெல்லைப் பரப்பிக்கொண்டிருந்தார். கத்தாரிலிருந்து போன் வந்ததா என்று கீழிருந்து கேட்டேன். காற்றில் கேட்கவில்லை போல, கையை மட்டும் ஆட்டினார்.