பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே

08.06.2024, சனி

விடியக்காலம் நாலரைக்குப் பெரியப்பா போய்விட்டார். வீட்டில், தூக்கத்திலேயே. ஆச்சிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பெற்ற பிள்ளை முந்திக்கொண்டதில் அழக்கூட இல்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். ‘சனிப்பிணம் தனிப்போகாது’ என்று தேரில் ஒரு கோழிக்குஞ்சைக் கட்டினார்கள். சுடுகாடு வரை அது கத்திக்கொண்டே வந்தது. காதில் இன்னும் அதுதான் நிற்கிறது.

இரவு கிளம்பும்போது, “போயிட்டு வாரேன்” என்று வாய்வரை வந்துவிட்டது. மதினி பார்த்த பார்வையில் அப்படியே விழுங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

10.06.2024, திங்கள்

துட்டி கேட்க ஆள் வந்தபடி இருக்கிறது. பந்தல்காரருக்குக் கொடுக்க அண்ணன் பெரியப்பாவின் ஏடிஎம் கார்டை நீட்டினான். “பின் நம்பர் தெரியும்லா, இருவதாயிரம் எடுத்துட்டு வா.”

“வேண்டாம்ணே. ஆள் போன தேதிக்கு அப்புறம் எடுத்தா பாஸ்புக்ல தெரியும். நாளைக்கு அக்காவே கேப்பா.”

முகம் சுருங்கிவிட்டது. என் கையிலிருந்ததைக் கொடுத்து, நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

12.06.2024, புதன்

“பதினாறு கழியாம காயிதப் பேச்சு எடுக்கப்பிடாது” என்றார் சித்தப்பா. பட்டா, பங்கு என்றால் நானும் வாயைத் திறக்க மாட்டேன். ஆனால் இறப்பைப் பதிய 21 நாள்தான். ஆஸ்பத்திரியில் நடந்திருந்தால் அவர்களே தெரிவித்திருப்பார்கள். வீட்டில் நடந்தால் நாம்தான் போக வேண்டும். கெடு தாண்டினால் தாமதக் கட்டணம், ஒரு வருஷம் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு வரை அலைச்சல். பெரியம்மையிடம் மட்டும் சொல்லிவிட்டு அண்ணனோடு விஏஓவைப் பார்க்கப் போனேன். கிராமத்தில் அவர்தான் பதிவாளர்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். ஆதாரில் பெயர் ‘யா’ என்று முடிகிறது. பாஸ்புக்கிலும் பென்ஷன் புத்தகத்திலும் ‘யன்’. “எது சரி?” என்றார் விஏஓ. அண்ணன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன். ஆதாரில் உள்ளபடியே எழுதிக்கொண்டார். எல்லாக் காகிதத்தையும் வீட்டிலேயே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும்.

23.06.2024, ஞாயிறு

பதினாறு. பெரியம்மைக்குப் பிறந்த வீட்டுக் கோடி வந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பந்திக்கு இலை போடப் போய்விட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணனே ஆரம்பித்தான். “வாரிசுச் சான்றிதழ்ல அம்மா, அக்கா, நான். மூணு பேருதானே?”

“நாலு. ஆச்சியும் உண்டு.”

1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன ஆண் சம்பாதித்ததில் மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சமபங்கு. பேங்கில் பெரியம்மை நாமினி என்றாலும், நாமினி பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், பங்கு வாரிசுகளுக்கு. அண்ணன் பதிலே பேசவில்லை. அக்காதான், “ஆச்சிக்குச் சோறு போட்டாச்சா?” என்று எழுந்து போனாள்.

27.06.2024, வியாழன்

இறப்புச் சான்றிதழ் வந்துவிட்டது. ‘யா’தான். பேங்கில் இரண்டு பெயரும் ஒருவரே என்று எழுதித் தரச் சொல்கிறார்கள்.

பேர் வைத்தவளையே கேட்டுவிடலாம் என்று ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தேன். “பெரியப்பா பேரு யாவா, யன்னா ஆச்சி?”

“அது எங்க மாமனார் பேருல்லா. நான் எப்பிடிலே சொல்லுவேன்? பெரியவனேன்னுதான் கூப்பிட்டேன், இத்தன வருசமும்.”