ஆமையின் ஓட்டில் டேக் ஏறுவதற்குள்

கடலாமையின் ஓட்டில் ஒட்டினால், அது போகுமிடத்தைச் செயற்கைக்கோள் வழியே தெரிவிக்கும் சிறு கருவிதான் செயற்கைக்கோள் டேக். அத்தகைய இரண்டு டேக்குகள் அடங்கிய ஒரு சிறிய அட்டைப்பெட்டி 23 நாட்கள் சுங்கக் கிடங்கில் கிடந்தது. அது வெளியே வருவதற்குள் கடலாமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் முடிந்துவிட்டது. ஆட்களையும் மரச்சட்டத்தையும் எபாக்சிப் பசையையும் கடற்கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, டேக் மட்டும் கைக்கு வராததால் வெறுமனே திரும்பிய அந்தப் பயணத்தை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. வனவிலங்கு அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சிரமமின்றிக் கிடைத்திருந்தன. நான் கவலைப்படாத இடத்தில்தான் எல்லாம் சிக்கிக்கொண்டது.

முதல் சிக்கல் பேட்டரி. விலைப்பட்டியலில் "பேட்டரியுடன் கூடிய மின்னணுக் கருவி" என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். டேக்கின் உள்ளே இருப்பது மீண்டும் மின்னேற்ற முடியாத லித்தியம் உலோக பேட்டரி. கருவிக்குள் பொருத்தப்பட்டு விமானத்தில் வரும் அத்தகைய பேட்டரிக்கு ஐ.நா. 3091 என்ற அபாயச் சரக்கு எண் உண்டு, லித்தியம் பேட்டரிகளுக்கான ஐ.நா. 38.3 என்ற பாதுகாப்புச் சோதனைகளில் அது தேறியதைக் காட்டும் சுருக்க அறிக்கையும் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும்படி இருக்க வேண்டும். அந்த அறிக்கையை உற்பத்தியாளரிடம் கேட்டு வாங்க ஒரு வாரம் ஆயிற்று. அதை எடுத்துக்கொண்டு போனபோது மேசையில் வேறோர் அலுவலர் இருந்தார். இது அலைபரப்பும் கருவியாயிற்றே, அதற்கான உரிமம் எங்கே என்று அவர் கேட்டார். டேக் 401.65 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில், விலங்குகளின் இருப்பிடத்தைக் கண்டறிய உதவும் ஆர்கோஸ் அமைப்பின் செயற்கைக்கோள்களுக்குச் செய்தி அனுப்புவது உண்மைதான் என்பதால், அவருடைய கேள்வியில் தவறில்லை. ஆனால் முதல் நாளே அதைச் சொல்லியிருந்தால் இரண்டு கடிதங்களையும் ஒன்றாகவே எழுதியிருப்பேன். மூன்றாவதாக, தீர்வை விலக்குப் படிவத்தில் பொருளைத் திருப்பி அனுப்பும் தேதியை நிரப்பச் சொன்னார்கள். ஆமையின் முதுகில் கடலுக்குள் போகும் பொருள் திரும்பி வராது என்று எவ்வளவு விளக்கியும், வெற்றுக் கட்டத்துடன் படிவத்தை வாங்க மறுத்துவிட்டார்கள். ஆய்விலேயே பயன்பட்டுத் தீர்ந்துபோகும் பொருள் இது என்று நிறுவனத் தலைவரின் கையொப்பத்துடன் கடிதம் கொடுத்த பிறகே பெட்டி என் கைக்கு வந்தது. டேக் வாங்கப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்பே பேட்டரி அறிக்கை, அலைபரப்பு உரிமம், திரும்பி வராப் பொருள் என்ற கடிதம் ஆகிய மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பருவத்துக்கு இரண்டு வாரம் முன்பு டேக்குகளை மொட்டைமாடியில் திறந்த வானத்தின் கீழ் வைத்துச் சோதித்தேன். இந்தச் சோதனையைத் தயவுசெய்து யாரும் தவிர்க்க வேண்டாம். இரண்டு நாட்கள் ஆகியும் எங்கள் ஆர்கோஸ் கணக்கில் ஒரு செய்திகூடப் பதிவாகவில்லை. டேக் பழுதாகிவிட்டது என்றே நம்பி, உற்பத்தியாளருக்குக் கோபமாகவே எழுதிவிட்டேன். பிறகுதான் காரணம் தெரிந்தது. ஆர்கோஸ் பயன்பாட்டு ஒப்பந்தத்துக்குக் கால வரம்பு உண்டு. எங்கள் பருவம் தள்ளிப்போனதில் அது காலாவதியாகி, டேக்குகளின் அடையாள எண்களும் செயலிழந்திருந்தன. டேக் ஒழுங்காகத்தான் பேசிக்கொண்டிருந்தது. புதுப்பித்த மூன்றாம் நாள் முதல் செய்தி வந்தது. சோதிக்காமல் ஆமையின் மேல் ஒட்டி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இப்போதும் பதறுகிறது.

முட்டையிட்டுவிட்டுக் கடலை நோக்கித் திரும்பிய ஆமையை நள்ளிரவுக்குப் பின் மரச்சட்டத்துக்குள் நிறுத்தினோம். ஓட்டின் உச்சியில் ஒட்டியிருந்த கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிரிகளைச் சுரண்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே எபாக்சியைப் பூசினோம். ஆமை மூச்சுவிடும்போது பசையின் மேல் மணல் தெறிக்காதபடி ஒருவர் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். டேக்கின் பக்கவாட்டில் மிளகளவில் உள்ள இரண்டு உலோகப் புள்ளிகள்தாம் உப்புநீர் உணரி. அவற்றுக்கிடையே மின்னோட்டம் பாய்ந்தால் டேக் நீருக்குள் இருப்பதாகக் கருதி வாய்மூடியிருக்கும். பாயாவிட்டால் மேலே வந்துவிட்டதாகக் கருதிச் செய்தி அனுப்பும். பசை இறுகத் தொடங்கிய நேரத்தில் தலைவிளக்கைத் தாழ்த்திப் பார்த்தபோது, ஒரு புள்ளியின் மேல் மெல்லிய எபாக்சிப் படலம் படர்ந்திருந்தது. அப்படியே விட்டிருந்தால் டேக் நீருக்கடியிலும் வீணாகக் கத்திக்கத்தி பேட்டரியைத் தீர்த்திருக்கும். மரக்குச்சியின் நுனியால் அதைச் சுரண்டியெடுத்து, அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தேன். இவ்வளவு அலைச்சலிலும் நான் முழு நிறைவடைந்த நேரம் அதுதான். பசை பூசும் முன்பே அந்தப் புள்ளிகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, விடுவிக்கும் முன் மறக்காமல் பிரித்துவிடுங்கள். பாசி படியாமல் தடுக்கும் செம்புப் பூச்சும் அவற்றின் மேல் படக் கூடாது.

மீன்களுக்கு இந்த வழி பெரும்பாலும் உதவாது. மேற்பரப்புக்கு வராத மீனுக்கு, குறித்த நாளில் தானே கழன்று மிதந்து வந்து, சேமித்து வைத்த ஒளி, ஆழம், வெப்ப அளவுகளின் சுருக்கத்தை அனுப்பும் வேறு வகை டேக்தான் பொருத்த வேண்டும். அதற்கும் நான் சொன்ன காகிதங்கள் அத்தனையும் தேவைப்படும்.

விடுவித்த மறுநாள் மாலை வந்த முதல் இருப்பிடம், துல்லியத்துக்கு உறுதியில்லாத பி வகை; வரைபடத்தில் அது கரையிலிருந்து உள்ளே, நிலத்தின் மேல் விழுந்திருந்தது. ஆமை மீண்டும் கரையேறிவிட்டதோ, யாரேனும் பிடித்துவிட்டார்களோ என்று அன்றிரவு நான் தூங்கவில்லை. உண்மையில், செயற்கைக்கோள் கடந்துபோகும் சில நிமிடங்களுக்குள் குறைந்தது 4 செய்திகள் கிடைத்தால்தான் பிழையின் அளவு மதிப்பிடப்படும். மூன்றே கிடைத்தால் ஏ, அதற்கும் குறைந்தால் பி என்று எந்த உத்தரவாதமும் இல்லாமல் வருகிறது. மூச்சுக்காகச் சற்றே மேலே வந்து மீண்டும் மூழ்கிவிடும் ஆமையிடமிருந்து பெரும்பாலும் இவ்விரு வகைகளே வரும் என்பதை நான் முன்பே மனத்தில் பதித்திருக்க வேண்டும். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் 250 மீட்டருக்குள் பிழையுள்ள 3ஆம் வகை இருப்பிடம் ஒன்று வந்தது. ஆமை கரையிலிருந்து வெகுதூரம் விலகி, ஆழ்கடலில் தெற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நேற்றிரவும் ஒரு செய்தி வந்திருக்கிறது, ஏ வகையில்.