கல் உப்பு

"ஏம்மா, இன்னும் கொஞ்சம் உப்பு போடு."

காலை 6.30, காவேரிப்பட்டணம் சாலையோரக் கூழ் வண்டி. மாங்காய் பறிக்கப் போகும் பெரியவர்.

அந்த அம்மா மூன்று விரலால் கல் உப்பை அள்ளி, மோர் விட்ட கேழ்வரகுக் கூழில் போட்டார். கரையும் வரை கையை எடுக்கவில்லை.

என் பையில் எலுமிச்சை வாசனை எலக்ட்ரோலைட் பொடி, தண்ணீரில் கலக்கும் உப்புச் சத்து. விலையைச் சொல்ல வெட்கம்.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலில் லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். சிறுகுடலில் உப்பின் சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக உள்ளே போகும். தண்ணீர் பின்னாலேயே போகும். பெரியவரின் கூழ்ச் சொம்பிலும் உப்பு, மாவு, மோரின் பொட்டாசியம் எல்லாம் உண்டு.

வெயிலில் வியர்ப்பவருக்குச் சரி. நாளெல்லாம் ஏசியில் உட்காரும் எனக்கு, அதுவும் பிரஷர் மாத்திரை போடுகிறவனுக்கு, எதற்கு உப்பு?

பெரியவர் மிளகாயைக் கடித்தபடி டெம்போவில் ஏறினார். நான் வெறும் தண்ணீர் குடித்தேன்.