பழைய காரின் கியர்பொக்ஸ் போனால்: ஆனையிறவிலிருந்து பஞ்சிகாவத்தை வரை ஓர் அலைச்சல்

சிவிடி கியர்பொக்ஸ் (பட்டியும் கப்பியுமாக ஓடும் ஒரு வகை ஓட்டோ கியர்) உள்ள பழைய கார் வாங்கும் எண்ணம் யாருக்காவது இருந்தால், காசை எண்ணிக் கொடுக்கும் முன் இதை ஒரு தரம் வாசித்துவிடுங்கள். வாகனப் புத்தகம் என் பெயருக்கு மாறி வருவதற்குள்ளேயே என் காரின் கியர்பொக்ஸ் கைவிட்டுவிட்டது.

2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதிலிருந்து பழைய கார்களின் விலை எங்கே போய் நின்றது என்பது எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் கதவு திறந்தும், வரியைப் பார்த்த பிறகு எங்களைப் போன்றவர்களுக்குப் பழைய கார்தான் கதி. தரகர் மூலம் ஒருவரிடம் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை.

கிளிநொச்சியிலிருந்து திரும்பும்போது ஆனையிறவைத் தாண்டியதும் எஞ்சின் இரைகிறது, கார் இழுக்கவில்லை. இயக்கச்சிக்குக் கிட்ட ஓரமாக நிறுத்தினேன். உழவு இயந்திரத்தில் வந்த ஓர் அண்ணை நல்ல மனத்தோடு கயிறு கட்டி இழுத்துத் தருவதாகச் சொன்னார். நன்றி சொல்லி மறுத்தேன். முன்சக்கரங்களால் ஓடும் சிவிடி காரை அந்தச் சக்கரங்கள் நிலத்தில் உருள இழுக்கக் கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் உள்ளே ஒயில் பம்பும் ஓடாது. மிச்சம் இருப்பதும் தேய்ந்துபோகும். வெயிலில் காத்திருந்தாலும் பரவாயில்லை, காரைத் தூக்கி ஏற்றிச் செல்லும் கார் கரியரையே கூப்பிடுங்கள். காப்புறுதிக்காரரை நம்பியிருக்க வேண்டாம். விபத்து என்றால் பார்க்கலாம், தானாகத் தேய்ந்ததற்கு ஒன்றும் இல்லை என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

முதலில் போன கராஜில் திறந்துகூடப் பார்க்கவில்லை. “ஒயில் குறைவு, ஊற்றிவிட்டால் ஓடும்” என்று சாதாரண ஓட்டோ கியருக்கான ஏ.டி.எஃப். ஒயில் கானைக் கையில் எடுத்துவிட்டார். இதற்குச் சிவிடி ஒயில் அல்லவா என்று கேட்டேன். “எல்லாம் ஒரே ஒயில்தான் தம்பி” என்றார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் இந்த ஒரு வசனத்தில்தான். சாதாரண ஓட்டோ கியரில் பற்சக்கரங்கள் வேலை செய்கின்றன. சிவிடியிலோ இரண்டு கப்பிகளுக்கு இடையே ஓர் உருக்குப் பட்டி இறுகப் பிடித்தபடி சுற்றுகிறது. அந்தப் பிடி முழுவதும் ஒயிலின் தன்மையிலும் அழுத்தத்திலும் தங்கியிருக்கிறது. ஒயில் மாறினால் பட்டி வழுக்கும். வழுக்கினால் கப்பியைச் சுரண்டும். காரை அங்கிருந்து எடுத்துவிட்டேன்.

கொக்குவிலில் ஸ்கேனர் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் சேர்ந்த பிறகுதான் நேரான பேச்சு கிடைத்தது. ஸ்கேனரில் பி0868 என்ற பிழைக் குறியீடு வந்தது. ஒயில் அழுத்தம் குறைவு என்று பொருள். அவர் என்னைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டே கியர்பொக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். உள்ளே இருக்கும் காந்தங்களில் மாவு போலச் சாம்பல் படிவு இருந்தால் பயப்பட ஒன்றுமில்லையாம். எங்கள் காந்தத்தில் கையைக் குத்தும் இரும்புச் சிராய்கள் ஒட்டியிருந்தன. “பொக்ஸ் மாற்றத்தான் வேண்டும்” என்றார். கராஜில் அடித்தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், காந்தத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

அன்றிரவு காரின் லாச்சியைக் கிளறியபோது பழைய சேர்விஸ் பில் ஒன்று அகப்பட்டது. விற்றவரின் பெயர், கார் இலக்கம், கியர் ஒயில் மாற்றியது என்று எல்லாம் இருந்தன. ஊற்றியது ஏ.டி.எஃப். அந்தத் துண்டைப் பத்திரப்படுத்தினேன்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறினேன். “அதே பொக்ஸ்தான், கண்ணை மூடிக்கொண்டு பூட்டலாம்” என்று ஒருவர் சத்தியம் செய்தார். பில்லில் பொக்ஸ் இலக்கத்தை எழுதச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே எழுதினார். லொறியில் யாழ்ப்பாணம் வந்ததும் மெக்கானிக் ஒரு பார்வைதான் பார்த்தார். அது நான்கு சக்கரமும் இயங்கும் காருக்கான பொக்ஸ். பின்சக்கரங்களுக்குப் போகும் இணைப்புக்கான வாய் அதில் இருந்தது. ஏறக்குறைய 400 கிலோமீற்றர் வந்த இரும்பு வந்த வழியே திரும்பியது. பில்லில் இலக்கம் இருந்ததால்தான் கடைக்காரரால் மறுக்க முடியவில்லை. அவர்கள் தருவது பூட்டிச் சரிபார்க்கச் சில நாள் உத்தரவாதமான ‘செக்கிங் வொரன்டி’ மட்டும். அந்த நாள்கள் லொறியிலேயே கழிந்துவிடும். பொருள் யாழ்ப்பாணம் வந்து சேரும் நாளிலிருந்து கணக்கு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பழைய பொக்ஸின் இலக்கத் தகட்டைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

சரியான பொக்ஸ் வந்ததும் பூட்டும் வேலை சுலபமாக முடிந்தது. மெக்கானிக் ஸ்கேனர் மூலம் புதுப் பொக்ஸின் அளவுகளைக் காரின் கணினியிலும் பதித்தார். அதைச் செய்யாமல் காரை வெளியே எடுக்காதீர்கள்.

இனி விற்றவர். தொலைபேசியில் “நான் தந்தபோது நன்றாகத்தானே ஓடியது” என்றார், பிறகு எடுப்பதே இல்லை. நுகர்வோர் முறைப்பாட்டுக்குப் போனால், தனியாள் தனியாளுக்கு விற்றதில் தாங்கள் தலையிட முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். இதைச் சொல்வதற்கு அரை நாள் இருத்தி வைத்திருந்தார்கள். அங்கே வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்தான், பிணக்குகளைப் பேசித் தீர்த்து வைக்கும் மத்தியஸ்த சபையைக் காட்டித் தந்தார். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் சபை அது. சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை, நாமே பேசலாம். விற்றவர் வந்தார். நான் அந்த ஏ.டி.எஃப். பில்லையும், கடதாசியில் மடித்து வைத்திருந்த இரும்புச் சிராய்களையும் மேசையில் வைத்தேன். சபையில் இருந்தவர்கள் பில்லைக் கையில் எடுத்து வாசித்துவிட்டு அவரைத்தான் பார்த்தார்கள். பொக்ஸ் விலையில் பாதியைத் தவணையாகத் தருவதாக ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தார்.

அந்த இணக்கக் கடிதத்தின் பிரதியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். கடைசித் தவணை பிந்தியபோது அதைப் படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் காலையே பணம் வந்து சேர்ந்தது.