இரண்டு பழைய நிலை, ஒரு பிளைவுட்: வீட்டுப் பட்டறைக்கு ஒரு பெஞ்ச்

தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் ஆசாரியின் கால்களைக் கவனியுங்கள். ஒரு பாதம் பலகையை அழுத்தியிருக்கும், இன்னொன்று பக்கவாட்டில் அணை கொடுத்திருக்கும். உளியில் சுத்தி விழும்போது மரம் அசையாது. வீட்டில் நின்றுகொண்டு வேலை செய்ய ஒரு பெஞ்ச் போடுகிறோம் என்றால், அந்தக் கால்களின் வேலையை அது செய்தாக வேண்டும். இழுப்பறை, கருவி மாட்டும் பலகை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பலகையைப் படுக்க வைத்தும், விளிம்பில் நிறுத்தியும், முனை மேலே தெரிய செங்குத்தாகவும் பிடிக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

கால்களுக்கும் சட்டங்களுக்கும் புது மரம் வாங்க வேண்டாம். மில்லில் அறுத்த பச்சை மரம் காய்ந்து சுருங்கும்போது இணைப்புகள் தளர்ந்துவிடும். வீடு இடிக்கும் இடங்களிலிருந்து பழைய மரக்கடைக்கு வரும் கதவு நிலைகளைத் தேடுங்கள். 4×3 அங்குல நிலை பல வருடம் காய்ந்தது. இழைத்தபின் 3½×2¾ நிற்கும். இரண்டு நிலை போதும். தரையைத் தொட்டிருந்த முனை பெரும்பாலும் உளுத்திருக்கும், மேல்முனையில் பழைய இணைப்பு இருக்கும். இரண்டையும் 6 அங்குலம் வெட்டித் தள்ளினாலும் 7 அடி நிலைக்காலில் 6 அடி மிஞ்சும். இழைக்குமுன் எல்லாப் பக்கமும் காந்தத்தை ஓட்டுங்கள். உள்ளே ஒடிந்து கிடக்கும் ஒரு ஆணி போதும், இழைப்புளியின் அலகு பல்போக. கதவு படிந்த காடியை உட்பக்கமாகத் திருப்பிவிடலாம், ஆனால் இணைப்பு அந்தக் காடியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேல்தளத்துக்கு 8×4 அடி, 18 மி.மீ. பிளைவுட் ஒன்று. கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள்: 5×2 அடியில் இரண்டு, மீதியில் 4×1½ அடியில் இரண்டு. வாள் தின்னும் ஒரு நூலைக் (⅛ அங்குலம்) கணக்கில் வையுங்கள். பெரிய இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டி 36 மி.மீ. மேல்தளமாகும். சின்னதில் ஒன்று கீழ்த்தட்டு, மற்றொன்று முதுகுப்பலகை.

உயரம் ஆளைப் பொறுத்தது. வேலை செய்யும்போது போடும் செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிடுங்கள். மணிக்கட்டு மடிப்புக்கு நேராக மேல்தளம் வரட்டும். அதைவிட உயர்ந்தால் இழைக்கும்போது உடம்பின் எடை இறங்காது, தோள்தான் வலிக்கும். மொத்த உயரம் 33 அங்குலம் என்று வைத்தால் கால் 31½. டேபிள் சா (மேசையில் பொருத்திய மின்வாள்) வைத்திருப்பவர்கள் அதன் தட்டைவிட ஒரு நூல் குறைத்து வைத்தால், அறுபட்டு வரும் பலகையை பெஞ்சே தாங்கிக்கொள்ளும்.

பக்கத்துக்கு இரண்டு கால், மேலும் கீழும் ஒரு குறுக்குச் சட்டம். காலில் பொளி (செவ்வகக் குழி) அடித்து, சட்டத்தின் முனையை அதில் நுழையும் 2 அங்குல நீளக் கழுந்தாக்கி ஒட்டுங்கள். பெஞ்சின் ஆழத்தில் 22 அங்குலம் வர, குறுக்குச் சட்டம் கழுந்தோடு 20½ அங்குலம். பசை காயுமுன் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து சமப்படுத்திவிடுங்கள். இரு பக்கங்களையும் சேர்க்கும் 41 அங்குல நீளச் சட்டங்களை மட்டும் ஒட்டக் கூடாது. 10×150 மி.மீ. போல்ட் போட்டால் வீடு மாறும்போதும் மாடிப்படியில் ஏற்றும்போதும் கழற்றலாம். போல்ட் தலையைக் காலில் அரை அங்குலம் புதையுங்கள். நட்டு உட்காரச் சட்டத்தின் உட்புறம் வட்டக்குழி எடுத்து, வாஷர் படியும் சுவரை உளியால் தட்டையாக்குங்கள். வளைந்த சுவரில் வாஷர் ஒரு ஓரத்தில் மட்டும் அழுத்தும். ஒரு மாதத்தில் தளர்ந்துவிடும். குறுக்குச் சட்டமும் நீளச் சட்டமும் ஒரே மட்டத்தில் வந்தால் போல்ட் கழுந்தைக் குத்தும். நீளச் சட்டம் அதற்கு மேலே உட்காரட்டும்.

முதுகுப்பலகையைப் பின்கால்களில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். இது இல்லையென்றால் இழைக்கும் ஒவ்வொரு தள்ளலுக்கும் பெஞ்ச் நீளவாக்கில் ஆடும். எத்தனை போல்ட் முடுக்கினாலும் அந்த ஆட்டம் நிற்காது.

மேல்தளம் ஒட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். பிளைவுட் எந்த இடத்தின் மேல் கிடந்து காய்கிறதோ அந்த இடத்தின் வளைவை அப்படியே வாங்கிக்கொள்ளும், பிறகு அதை நிமிர்த்த முடியாது. அதனால் ஒட்டுமுன் அடியில் வைக்கும் கட்டைகளைச் சரிபாருங்கள். இரு முனையிலும் நேரான குச்சி ஒவ்வொன்றை வைத்து, ஒரு குச்சியின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்து மற்றதைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கித் தெரிந்தால் அங்கே முறுக்கு இருக்கிறது. பசையை இரண்டு பலகையிலும் ஊற்றி, பழைய ஹேக்சா பிளேடின் பல்லால் சீவிப் பரப்புங்கள். அரைக் கிலோ பசை தாராளம். வெயில் ஏறினால் பசை நிமிடங்களில் தோல் கட்டிவிடும், விடிகாலையில் செய்யுங்கள்.

அழுத்தம் கொடுக்க அத்தனை கிளாம்ப் யாரிடமும் இருக்காது. அடிப்பலகை வழியாக 6 அங்குலத்துக்கு ஒன்றாக 32 மி.மீ. ஸ்க்ரூ போட்டால் போதும். ஆனால் அடிப்பலகையில் ஸ்க்ரூ தொளதொளவென்று நுழையும் அளவுக்கு முதலில் துளை போட்டிருக்க வேண்டும். மரை இரண்டு பலகையையும் ஒரே நேரத்தில் கவ்வினால் நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே பூட்டிக்கொள்ளும், எவ்வளவு முடுக்கினாலும் மூடாது. மறுநாள் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிடுங்கள். மறந்துபோன ஒன்றில் பின்னால் துளை போடும் பிட் மோதி உடையும்.

மேல்தளத்தை எல்-ஆங்கிள் போட்டுச் சட்டங்களில் பொருத்தலாம். முன்விளிம்பும் முன்கால்களும் ஒரே நேரில் இருக்க வேண்டும், கால் உள்ளே தள்ளியிருக்கக் கூடாது. கதவு போன்ற பெரிய பலகையை விளிம்பில் நிறுத்தி இழைக்கும்போது ஒரு முனை வைஸில் (திருகி இறுக்கும் பிடிப்பான்) இருக்க, மறுமுனை பெஞ்சின் வலதுகாலில் சாய்ந்து கிளாம்ப் வாங்கும். கால் உள்ளே போய்விட்டால் இந்த வசதியே கிடையாது.

வலக்கைக்காரர்களுக்கு வைஸ் இடதுகாலை ஒட்டி உள்பக்கம். 9 அங்குல வார்ப்பிரும்பு வைஸ் வீட்டுக்குப் போதும். தாடைகளில் ஒரு அங்குல மரக்கட்டை பொருத்தி, இரும்பு மேல்தளத்துக்கு அரை அங்குலம் கீழே இருக்கும்படி அடியில் அடைகட்டை கொடுங்கள். உள்தாடையின் கட்டை முன்விளிம்போடு சமமாக நிற்கட்டும். ஒரு ஓரத்தில் மட்டும் மரத்தைக் கடிக்க வைத்தால் தாடை கோணும். மறு ஓரத்தில் அதே கனத்தில் ஒரு துண்டு வையுங்கள்.

இனி, பலகையைத் தடுத்து நிறுத்தும் முளைகளைச் செருகத் துளைகள், ¾ அங்குலத்தில். முன்விளிம்பிலிருந்து 4 அங்குலம் தள்ளி, 4 அங்குல இடைவெளியில் ஒரு வரிசை. வைஸுக்கு நேராக, அதன் உடல் முடிகிற இடத்திலிருந்து பின்னோக்கி இன்னொரு வரிசை. இதில் இடைவெளி வைஸ் திறக்கும் அளவைவிடக் குறைவாக இருந்தால்தான் எந்த அகலப் பலகையும் மாட்டும். சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் துளைக்குள் இறுகிப் பலகையை அழுத்திப் பிடிக்கும் இரும்புக் கொண்டிக்கு 36 மி.மீ. கனம் போதாது, வழுக்கும். கீழ்த்தட்டை 41 அங்குலமாக வெட்டும்போது மிஞ்சும் 7 அங்குலத் துண்டை இரண்டாகக் கிழித்து, முன்வரிசைக்கு அடியில் ஒட்டினால் 54 மி.மீ. ஆகிவிடும். டிரில் செங்குத்தாக இறங்க இரு பக்கம் இரண்டு மூலைமட்டத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டை பிட்டின் முனை அடியில் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, மீதியைக் கீழிருந்து துளையுங்கள். நேராக அழுத்தினால் அடி அடுக்கு பிய்ந்து வரும்.

ரூட்டருக்காக (காடி எடுக்கும் மின்கருவி) மேல்தளத்தை வெட்டிவிடாதீர்கள். 12 மி.மீ. பிளைவுட்டில் தனித் தட்டு செய்து, அடியில் ஒரு கட்டை பொருத்தி, அந்தக் கட்டையை வைஸில் கவ்வ வைத்தால் வேலை முடிந்தது. இரும்பு வேலைக்கான சின்ன வைஸையும் இதே மாதிரி ஒரு கட்டையில் பொருத்தி வைத்துக்கொள்ளலாம்.

பளபளக்கும் வார்னிஷ் வேண்டாம், பலகை வழுக்கும். பாயில்டு லின்சீட் எண்ணெய் இரண்டு கை போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டபின் எறியுங்கள்.

பெஞ்ச் இன்னும் நகர்ந்தால் கீழ்த்தட்டில் ஒரு மூட்டை எம்-சாண்ட் வையுங்கள். கால்களுக்கு அடியில் கிரானைட் கடையில் கிடைக்கும் துண்டுகளைக் கொடுத்தால் ஈரம் ஏறாது, கரையான் மண் கட்டினாலும் உடனே கண்ணில் படும். கத்திரி வெயிலில் ஒருமுறை, ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒருமுறை நான்கு போல்ட்டையும் முடுக்கிப் பாருங்கள். வெயில் காலத்தில் கால் சுற்றாவது கட்டாயம் ஏறும்.