டிலனாய் பேசிய குளச்சல் தமிழ்

1985. எட்டாம் வகுப்பு. மத்தியானச் சோறு தின்ற கையோடு வரும் வரலாற்றுப் பாடம். நான் பாடப்புத்தகத்துக்குள் இரும்புக்கை மாயாவி காமிக்ஸை ஒளித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கரண்டு பாய்ந்து ஆள் மறைந்துபோக, இரும்புக்கை மட்டும் தனியாகத் தெரியும் கட்டம். அந்த நேரம் பார்த்து ஒரு கை வந்து புத்தகத்தை உருவியது. சாருடைய கை.

அடிக்கு உள்ளங்கையை நீட்டினேன். அடி விழவில்லை. மறுநாள் அந்த முத்து காமிக்ஸைக் கட்டம் கட்டமாக வெட்டி, வசனத்தின் மேல் வெள்ளைத்தாள் ஒட்டிக் கொண்டுவந்தார். "மக்களே, இத வரிசையா அடுக்குங்க. ஆரு என்ன பேசுகான்னு நீங்களே எழுதுங்க." அடிபட்டிருந்தாலும் ஆறியிருக்கும், காசு சேர்த்து வாங்கிய புத்தகம் போனது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் குளச்சல் போரைப் படக்கதையாக வரையச் சொன்னார். பாடத்தில் இருந்தது சில வரிதான்: 1741, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மா, டச்சுக்காரர் தோல்வி. பரீட்சையில் அதை எழுதித் தப்பிவிடலாம். வரைய உட்கார்ந்தபோதுதான் ஒன்றும் தெரியாது என்று தெரிந்தது. டச்சுக்காரன் தலையில் என்ன தொப்பி? சரணடைந்தவன் நின்றானா, மண்டியிட்டானா?

சார் எங்களைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு நடத்திக் கூட்டிப்போனார். டச்சுத் தளபதி டிலனாய் சரணடையும் ஓவியம் அங்கே இருக்கிறது. அங்கிருந்து உதயகிரிக் கோட்டை. தோற்ற அதே டிலனாய், ஜெயித்த ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்', அதாவது பெரிய கேப்டன் ஆகி, 1777-ல் இறந்து அங்கேயே கிடக்கிறார். கல்லறையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. போரோடு முடிய இருந்த எங்கள் கதை இன்னும் நான்கு கட்டம் நீண்டது.

கடைசி பெஞ்சில் ஒரு குளச்சல் பையன். வாசிக்கச் சொன்னால் எழுந்து சும்மா நிற்பான். நாங்கள் வரைந்திருந்த கடலைப் பார்த்ததும், "ஆடி ஆவணில கடலு இப்பிடியா கெடக்கும்?" என்று ரப்பரை எடுத்து அழித்துவிட்டு, அலைகளை அவனே போட்டான். மாட்டுவண்டியில் பனந்தடியை ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டி டச்சுக்காரனை மிரட்டினார்கள் என்று அவன் ஊரில் சொல்லும் கதையையும் சேர்த்தான். உண்மையோ என்னவோ, படத்துக்கு நன்றாக இருந்தது.

டிலனாயின் வசனத்தையும் அவன்தான் எழுதினான்: "தோத்தாச்சு ராசாவே, வாளப் பிடியும்." குமிழுக்குள் நான்கைந்து சொல் போதும் என்பதால் பயம் விட்டுப்போயிருக்க வேண்டும்; அன்றைக்கு ஆறு குமிழ் நிரப்பினான். டச்சுக்காரன் குளச்சல் தமிழ் பேசுகிறானே என்று வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். "தோத்தாச்சுல புள்ளிய எங்கடே?" என்று மட்டும் கேட்டார்.

வருடக் கடைசியில் அந்தப் படக்கதை இருந்த நீள நோட்டை யாரோ வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். நான் இல்லை. மஸ்கட்டிலோ துபாயிலோ இதை வாசிக்கிறவர்களே, உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால் டிலனாய் பேசும் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.