புழுவின் நாட்கணக்கு: சேலத்தில் ஒன்று, ஏற்காட்டில் ஒன்று

இறந்த உடலில் காணும் பூச்சிகளைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிக்கும் தடயவியல் பாடங்கள் பெரும்பாலும் வசந்தம், கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்ற பிரிவோடு தொடங்குகின்றன. குளிர்நாடுகளுக்கு அது பொருந்தும். கலிஃபோரா விசினா என்னும் நீல ஈ அங்கே வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் மிகுந்து, கடுங்குளிரில் அரிதாகிவிடும். சேலத்திலோ ஈ இல்லாத மாதமே இல்லை. இங்கே பருவத்தைப் பொறுத்து மாறுவது புழு வளரும் வேகமும், சடலத்தில் ஈரம் தங்கும் காலமும்தான்.

சித்திரை வெயிலில் ஏற்காடு அடிவாரச் சாலையோரம் ஒரு நாய் செத்துக் கிடந்தால், சில நிமிடங்களிலேயே பச்சை ஈக்கள் வந்துவிடும். மூக்குத் துளையிலும் கடைவாயிலும் கண்ணோரத்திலும் ரவையை அள்ளி வைத்தாற்போல் முட்டைகள் திரண்டிருக்கும். கிரைசோமியா மெகாசெபலா என்ற இனமானால், 30 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, புழு தின்று முடித்து மண்ணுக்குள் நகர்ந்து கூட்டுப்புழுவாகி, ஏறத்தாழ 10 நாளில் ஈயாக வெளிவரும். ஆனால் அக்னி நட்சத்திர வெயில் தோலை விறைக்க வைத்துவிடுவதால், புழுக்கள் தோலுக்கு அடியிலும் நிழல் விழும் பக்கத்திலும் ஒதுங்கிக்கொள்கின்றன. அவை விட்டுவைத்த காய்ந்த தசைக்கு டெர்மெஸ்டிஸ் வண்டு வந்து சேரும். (கருவாட்டு வியாபாரிகளுக்கும் தோல் மண்டிக்காரர்களுக்கும் இந்த வண்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.) ஐப்பசி அடைமழையில் ஈக்கள் பறக்கத் தயங்குவதால் முதல் முட்டை தாமதமாகலாம், அதன் பிறகு தோல் ஈரமாகவே இருப்பதால் புழுக்களின் விருந்து நீள, வண்டின் முறை தள்ளிப்போகும்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்பதால், நாட்காட்டியில் ஒரே தேதியாக இருந்தாலும் புழுவுக்கு அவை இருவேறு பருவங்கள். 20 டிகிரி அளவில் அதே ஈ வளர ஏறத்தாழ இரு மடங்கு காலம் பிடிக்கும். மலைப்பாதையில் கிடைத்த சடலத்துக்கு நகரத்து வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டால், இறந்து 8 நாளானதை 5 நாளென்று எழுத நேரும். அந்த மூன்று நாளுக்குள் ஒருவர் எங்கிருந்தார் என்பதே வழக்காகவும் இருக்கலாம்.

ஏற்காட்டுக்குள்ளும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழல் வேறு, வெட்டவெளிப் பாறை வேறு. போதாக்குறைக்குத் திரண்ட புழுக்கூட்டம் தன் சூட்டாலேயே சுற்றுப்புறத்தைவிட 10 டிகிரிக்கு மேலும் கொதிக்கக்கூடும். ஆகவே சடலத்தை எடுத்த பிறகும் அதே இடத்தில் சில நாள் வெப்பமானி வைத்து, அந்த அளவுகளை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் அளவுகளோடு ஒப்பிட்டுத் திருத்துவது வழக்கம். புழுக்களில் ஒரு பகுதியை வெந்நீரில் கொன்று ஆல்கஹாலில் இட வேண்டும். மறுபகுதியை ஈயாகும்வரை வளர்த்து இனத்தை உறுதிசெய்ய வேண்டும். சுற்றியுள்ள மண்ணைக் கிளறிக் கூட்டுப்புழு ஓடுகளையும் தேட வேண்டும், ஏனெனில் முதலில் வந்த தலைமுறை பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும்.